அப்பம்மாவுக்குச் செய்த கை

1

டிசம்பர் பிறந்தால் என் கை உப்புக் கரிக்கத் தொடங்கிவிடும். கனடாவில், மில்லிக்கனில் ஒரு பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் எனக்கு வேலை. மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரைக்குமான பதினெட்டுச் சின்னன்கள். அம்மம்மா, அப்பப்பாமாருக்கு அவர்கள் கையாலேயே நத்தார்ப் பரிசு செய்விப்பதுதான் இந்த மாதத்தில் எங்கள் பிழைப்பு. சைவப் பிள்ளை, வேதப் பிள்ளை, இஸ்லாமியப் பிள்ளை என்ற பேதமெல்லாம் இங்கே கிடையாது. பசைப் போத்தலுக்கு முன்னால் எல்லோரும் ஒன்று.

ஐஸ்பழக் குச்சிகளை ஒட்டிப் படச்சட்டம் செய்வோம். வெறும் ஜாம் போத்தலுக்கு நிறத்தாள் ஒட்டி, உள்ளே மெழுகுதிரி வைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்துவிடுவோம். எல்லாவற்றிலும் பெரிய ஆள் உப்பு மாக் கை. இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணீர். ரொட்டிக்குப் பிசைவதுபோலப் பிசைந்து தட்டி, அதன்மேல் பிள்ளையின் கையை வைத்து அழுத்தினால் ஐந்து விரலும் உள்ளங்கையும் பதிந்துவிடும். மேலே ஓர் ஓட்டை. அவணில் மெல்லிய சூட்டில் காயவைத்து, நிறம் பூசி, ரிபன் கட்டினால் மரத்தில் தொங்கவிடலாம். ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது அதைக் கடித்துப் பார்க்கும். உப்புக் குறைக்கச் சொல்லி எனக்கு டொக்டர் எழுதித் தந்திருக்கிறார், நானோ மாதம் முழுக்க உப்பில்தான் குளிக்கிறேன்.

இந்த வருடம் புதிதாக வந்த மேற்பார்வையாளர் பிள்ளை ஒன்று, நல்ல பிள்ளைதான், பெற்றோருக்கு ஒரு கடிதம் அடித்துக் கொண்டுவந்தது. “உங்கள் பிள்ளை எத்தனை பரிசு செய்ய வேண்டும்?” என்று கேட்டு, கீழே நான்கு பெட்டி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. புள்ளடி போட்டு வெள்ளிக்கிழமைக்கு முதல் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அந்தக் கேள்வியை எடுத்துவிடச் சொன்னேன். எவ்வளவு மா வாங்குவது என்று தெரியவேண்டாமா என்று அவள் கேட்டாள். மா நான் கொண்டுவருகிறேன், உப்பும் நானே கொண்டுவருகிறேன், கேள்வியை மட்டும் எடு என்றேன். இந்த மனுசிக்கு என்ன பிடித்தது என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அவளுக்கு விளக்கம் சொல்ல என் ஆங்கிலம் காணாது. அதனால் ஊரிலிருந்து வாசிக்கிற உங்களுக்குச் சொல்கிறேன்.

2

யுத்தம் முடிந்த வருடம். நாங்கள் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் பதினோராம் தட்டில் இருந்தோம். இவர், என் கணவர், ஒரு பாண் தொழிற்சாலையில் பகல் வேலை. மகள் மதுராவுக்கு ஆறு வயது, முதலாம் வகுப்பு. வீட்டுக்குள் வரும்போது சப்பாத்தோடு தமிழையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிற பிள்ளை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் விளங்கும், இருவருக்கும் கோபம் வரும்.

டிசம்பர் முதல் கிழமை அவளுடைய புத்தகப் பைக்குள் ஒரு கடிதம் வந்தது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் தாத்தா பாட்டிமாருக்குக் கை அச்சுச் செய்யப் போகிறார்கள். ஆளுக்கு ஒன்று. பின்பக்கத்தில் அவர்களுடைய பெயரை எழுத வேண்டும். ஆகவே எத்தனை பேர், என்ன பெயர் என்று நிரப்பி அனுப்புங்கள். நான்கு கோடு போட்டிருந்தது.

என் அம்மாவும் அப்பாவும் மதுரா பிறக்க முன்னமே போய்விட்டார்கள். அவர்கள் சுவாமித் தட்டுக்குப் பக்கத்தில் படமாக இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அந்த இரண்டு கோட்டுக்கும் பிரச்சினை இல்லை. மற்ற இரண்டும் இவருடைய அப்பா அம்மா, என் மாமாவும் மாமியும். மதுராவுக்கு அப்பப்பா, அப்பம்மா. அவர்கள் வன்னியில் இருந்தவர்கள்.

இவர் வேலையால் வந்து கை கழுவிக்கொண்டு நின்றபோது கேட்டேன்.

“இஞ்சேருங்கோ, எத்தினை எண்டு எழுத?”

“ரெண்டு.”

கேட்டு முடிக்க முன்னமே சொல்லிவிட்டார். எதையும் மூன்றுதரம் யோசித்துப் பேசுகிற மனிதர். தேத்தண்ணி வேணுமா என்று கேட்டாலே கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வரும். அந்த “ரெண்டு” வந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பேனையைத் திறந்தபடி நான் அப்படியே நின்றேன்.

3

மாமியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தை மாதம் கடைசியாக ரெலிபோனில் கதைத்தவர்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்தது. அந்த நாட்களில் ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டிலும் ரெலிபோன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பதில்லை, ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆனித் தொடக்கத்தில் மாமா எடுத்தார். வவுனியாப் பக்கம் ஒரு முகாமில் இருந்து, யாருடையதோ கைத்தொலைபேசியில், ஒரு நிமிடம்.

“நான் சுகம். அம்மா வரேக்கை சனத்துக்குள்ளை தவறிப்போனா. வேறை முகாமிலை இருக்கிறா போலை. தேடுறன்.”

அதிலிருந்து நான் ஓட்டமாய் ஓடினேன். ஆளைத் தேடித் தருகிற காரியாலயங்களின் படிவங்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. கடைசியாகக் கண்ட இடம், கடைசியாகக் கண்ட நாள், உடுத்திருந்த உடுப்பு, அங்க அடையாளம். ஒரு காரியாலயம் பிறப்புச் சான்றிதழ் கேட்டது. செல்லடிக்குள்ளால் ஓடிவந்த மனுசி பிறப்புச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டா வந்திருப்பா என்று கேட்க நினைத்தேன். ஆங்கிலத்தில் கோபப்பட எனக்கு நேரம் எடுக்கும். நான் வசனத்தைக் கோர்த்து முடிக்க அவர்கள் ரெலிபோனை வைத்துவிட்டார்கள்.

“மாமிக்கு எந்தக் கையிலை மச்சம்?” என்று ஒருநாள் இவரைக் கேட்டேன். “இடது கையிலை, மணிக்கட்டுக்குக் கிட்ட” என்று சொல்லிவிட்டு எழும்பிக் குளியலறைக்குள் போனார். நான் அதை எழுதினேன். எழுதிய பிறகு முத்திரை ஒட்டினேன்.

மாமா இரண்டு கிழமைக்கு ஒருதரம் எடுப்பார். ஒவ்வொரு தரமும் நான் ரெலிபோனைப் பறித்து, “மாமா, யோசிக்காதேங்கோ, மாமி வந்திடுவா, நான் எல்லா இடமும் எழுதிப் போட்டிருக்கிறன்” என்பேன். “ஓம் பிள்ளை, ஓம்” என்பார். கார்த்திகைக் கடைசியில் வவுனியாவில் இருக்கிற அவருடைய ஒன்றுவிட்ட தம்பி கையெழுத்து வைத்து அவரை வெளியே எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். ஆள் வெளியே வந்துவிட்டார், இனி மாமியைக் கண்டுபிடிப்பது சுகம் என்று நான் அன்றைக்குப் பால் பொங்கினேன்.

4

பள்ளிக்கூடக் கடிதம் மேசையில் நிரப்பாமல் கிடந்த அந்த இரண்டு நாளும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தத் திறந்த பேனையோடு நான் ஆனி மாதத்துக்குத் திரும்பிப் போனேன்.

ஆனி நடுவில் ஒருநாள் மத்தியானம் இரண்டு மணிக்கே இவர் வேலையால் வந்தார். நேரே போய்த் தலையில் பச்சைத்தண்ணி வார்த்தார். உடுப்பெல்லாம் தொட்டிக்குள் நனைந்து கிடந்தது. “வெக்கை” என்றார். அடுத்த கிழமை மீசையை வழித்தார். “அதுவும் வெக்கையோ?” என்று நான் பகிடி பண்ணினேன். முதுகு நோகுது என்று ஒரு மாதம் நிலத்தில் படுத்தார். நான் தைலம் வாங்கிவந்து தேய்த்துவிட்டேன். மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம், கொலஸ்ரோல் என்றார். ஆடியில் ஒரு வேலை நாளில் லீவு போட்டுவிட்டு, கூட வேலை செய்கிற ஒருவரோடு ஏரிக்கரைக்கு மீன்பிடி பார்க்கப் போனேன் என்று ஈரத்தலையோடு வந்தார்.

நான் யாழ்ப்பாணத்துப் பெண். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டில் அடுப்புப் புகையாவிட்டால், அங்கே யாருக்கு என்ன என்று மணத்திலேயே சொல்லக்கூடிய ஊரில் பிறந்தவள். முழுக்கு, மீசை, நிலப்படுக்கை, சைவச் சாப்பாடு, முப்பத்தோராம் நாள் நீர்க்கரை. செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக்கு இதைவிட வேறென்ன வேணும்? எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது, நான் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். தீபாவளிக்குப் பலகாரம் சுட்டு அவருக்கு முன்னால் தட்டில் வைத்து, ஏன் தொடவில்லை என்று சண்டையும் பிடித்தேன்.

மதுரா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், இவருக்கு ஓய்வு நாள். குசினிக்குள் வைத்துக் கேட்டேன்.

“மாமி இல்லையோ?”

கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார்.

“ஆர் சொன்னது?”

“நீங்கள்தான் சொன்னனீங்கள். ரெண்டு எண்டு சொன்ன மாதிரியிலை.”

பிறகு சொன்னார். முள்ளியவளைக்காரர் ஒருவர், மாமா மாமியோடு கடைசிவரை ஒரே பதுங்கு குழிக்குள் இருந்தவர், இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்து அங்கிருந்து இவருக்கு எடுத்திருக்கிறார். தொழிற்சாலை வாசலில் நின்று கேட்டிருக்கிறார் இவர். மாமிக்கு வயிற்றில் காயம். அரை நாள் உயிர் இருந்ததாம். சுட ஏலாது, புகை கண்டால் செல்லடி வரும். அந்த மனிதரும் மாமாவும் சேர்ந்து குழி வெட்டித் தாட்டிருக்கிறார்கள். நாள் என்ன என்று அவருக்கு நினைவில்லை. அந்த நேரம் நாளை யார் எண்ணினார்கள் என்று கேட்டாராம்.

“என்னட்டை ஏன் சொல்லேல்லை?”

“ஐயா எனக்குச் சொல்லேல்லை. நான் தாங்கமாட்டன் எண்டு நினைச்சுத்தான் வேறை முகாம் எண்டு சொல்லுறார். எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் மனுசன் விழுந்திடும். அம்மாவைத் தேடுறன் எண்டு சொல்லிச் சொல்லித்தான் நடமாடுறார்.”

“நான் உங்கடை மனுசியெல்லே?”

“உமக்கு மறைக்கத் தெரியாது. நீர் ஐயாவோடை கதைக்கேக்கை குரல் காட்டிக் குடுத்திடும்.”

அது உண்மை. உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. படிவங்களைப் பற்றிக் கேட்டேன். மச்சத்தைப் பற்றி எழுதி முத்திரை ஒட்டியதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன். நீங்கள் ஒரு கல்லு என்றேன். அவர் கத்தரிக்காயைத் தண்ணீருக்குள் போட்டார்.

கொஞ்ச நேரத்தால் தானாகவே சொன்னார்.

“கேள்விப்பட்ட நாளிலையிருந்து எண்ணி முப்பத்தொண்டு செய்யலாம் எண்டு ஐயர் சொன்னவர். தர்ப்பையிலை உருவம் செய்து எல்லாம் செய்தாச்சு. ஆனால் வருசத் திவசத்துக்குத் திதி வேணும். செத்த நாள் வேணும். வைகாசி வரமுதல் கேட்டுச் சொல்லுங்கோ எண்டவர்.”

“மாமாவுக்கு மட்டும்தானே தெரியும்.”

“ஓம். அவருக்கு எழுபத்து நாலு வயசு. நெஞ்சுக்குக் குளிசை போடுறார்.”

அப்போதுதான் இந்த மனிதர் ஆறு மாதமாக எதைச் சுமந்துகொண்டு பாண் சுட்டார் என்று எனக்கு விளங்கியது. கேட்டால் தகப்பன் போய்விடலாம். கேட்காமல் தகப்பன் போய்விட்டால் தாயின் நாளும் அவரோடு போய்விடும். பிறகு காலம் முழுக்க ஏதோ ஓர் அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க வேண்டியதுதான்.

பள்ளிக்கூடக் கடிதத்தில் நான் இரண்டு என்று எழுதினேன். மாமாவின் பெயரையும் மாமியின் பெயரையும் ஆங்கில எழுத்தில், தெளிவாக, ரீச்சருக்கு விளங்கும்படி எழுதினேன். பொய் எழுதுகிறேன் என்று தெரிந்துகொண்டு எழுதியதால் எழுத்து அழகாக வந்தது.

5

நேற்றுப் பராமரிப்பு நிலையத்தில் ஒரு நாலு வயதுக்காரி ஐந்து உருண்டை மா கேட்டாள். அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா, அது நாலு. ஐந்தாவது யாருக்கு என்று கேட்டேன். பக்கத்து வீட்டு நாய்க்காம். கொடுத்தேன். என் மேசையில் கணக்குக் கேட்பதில்லை.

அந்த வருடம் மதுரா தன் இரண்டு உப்பு மாக் கையையும் கொண்டுவந்த நாள் பனி கொட்டியது. துவாயில் சுற்றி, ஜக்கெற்றுக்குள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தாள். என்னைக்கூடத் தொடவிடவில்லை. ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குச் சிவப்பு. சிவப்புத்தான் அப்பம்மாவுக்கு. விரல் நுனிகளுக்கு மட்டும் தங்க மினுக்கம் பூசியிருந்தாள்.

“ஏன் நுனிக்கு மட்டும்?”

“நெயில் பொலிஷ், அம்மா. கேர்ள்ஸுக்குத்தானே.”

நான் அவளுடைய தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டினேன்.

எங்கள் கட்டடத்தில் ஆறாம் தட்டில் இருந்த செல்வி அன்ரி நத்தாருக்கு முதல் கொழும்புக்குப் போக இருந்தா. அங்கிருந்து வவுனியாவுக்கும் போகிறா. பிளேனில் யாராவது போகிறார்கள் என்று தெரிந்தால் எங்கள் சனம் பார்சலோடு வரிசையில் நிற்கும், உங்களுக்குத் தெரியும். நான் இடம் கேட்டுப் போனேன். அன்ரி ஒரு கையைத் தூக்கிப் பார்த்தா, திருப்பிப் பார்த்தா.

“இது என்ன பிள்ளை, கல்லுக் கட்டி மாதிரி? வழியிலை செக்கிங்கிலை உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு உடைச்சுப் பாத்தாலும் பாப்பாங்கள்.”

“உடைச்சால் உடைக்கட்டும் அன்ரி. கொண்டுபோங்கோ.”

“ரெண்டும் ஒரு வீட்டுக்கோ?”

நான் ஓம் என்றேன். அன்ரி என் முகத்தைப் பார்த்தா. மறைக்கத் தெரியாது என்று இவர் சொன்னது சரிதான். பெட்டி அடுக்கிற நாளில் இரண்டையும் கொண்டுவரச் சொன்னா.

வீட்டிலோ மதுரா நாளுக்குப் பத்துத்தரம் கேட்டாள். நத்தார் மரம் எப்போது வைப்போம்? அப்பம்மா இருக்கிற இடத்துக்கு அப்பப்பா எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பார்? பஸ் இருக்கா? மரத்துக்கு இவர் ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டுச் சொன்னார். மாமியின் ஆண்டுத் துக்கம் முடியாத வீட்டில் விளக்கும் சோடினையும் வைக்கவும் மனமில்லை, ஏன் இல்லை என்று சொல்லவும் வாயில்லை. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். நான் இருவருக்கும் சோறு போட்டுக்கொண்டு, யார் முதலில் வெடிப்பார்கள் என்று பார்த்தேன்.

6

சனிக்கிழமை காலை பத்து மணி. அங்கே இரவாகிவிட்டது. மாமா எடுத்தார். இப்போது வீட்டு ரெலிபோன், அதனால் நேரம் பார்க்கத் தேவையில்லை. இவர் ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார். சுகம் கேட்டு, மழை கேட்டு, குளிசை கேட்டு முடிய முன்னம் மதுரா நாற்காலியில் ஏறி ரெலிபோனுக்கு மேல் குனிந்தாள்.

“அப்பப்பா! நான் கிறிஸ்மஸ் கிஃப்ற் செய்தனான். ரெண்டு. புளூ உங்களுக்கு, றெட் அப்பம்மாக்கு. என்ரை ஹாண்ட். நீங்கள் அப்பம்மாட்டைக் குடுப்பீங்கள்தானே? பிராமிஸ்?”

வருடம் முழுக்க அவள் பேசாத தமிழ் எல்லாம் அன்றைக்குச் சேர்ந்து வந்தது. நான் அவளைப் பிடிக்கக் கை நீட்டினேன், நேரம் போய்விட்டது. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெலிபோனுக்குள் எங்கேயோ ஒரு நாய் குரைத்தது.

“பிராமிஸ், அப்பப்பா?”

“குஞ்சு, அப்பாட்டைக் குடு.”

“ஐயா, நான் நிக்கிறன்” என்றார் இவர்.

“தம்பி, பிள்ளை ரெண்டு செய்திருக்கிறாள்.”

“ஓம் ஐயா.”

“ஒண்டு காணும் ராசா, ரெண்டு வேண்டாம்.”

நான் மதுராவின் தோளை இறுக்கிப் பிடித்தேன். இவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

“தெரியும் ஐயா.”

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அதைவிட மோசமாகவும் நினைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எனக்குள் எண்ணத் தொடங்கி, பதினேழு வரைக்கும் போனேன்.

“எப்பவிலையிருந்து?”

“ஆனியிலையிருந்து.”

“ஆறு மாசமா என்னோடை ஒண்டும் தெரியாத மாதிரிக் கதைச்சியோ?”

“நீங்களும்தானே ஐயா.”

மாமா மூக்கைச் சிந்தினார். பிறகு, மிகவும் மெல்ல, கேட்கப் பயந்தவர்போல, “அப்ப அவளுக்கு ஒண்டும் செய்யேல்லையே தம்பி. துணியாலை சுத்தித் தாட்டதோடை சரி. ஒரு தேவாரம்கூடப் பாடேல்லை” என்றார்.

“நான் செய்தனான் ஐயா. முப்பத்தொண்டும் செய்தனான். இஞ்சை ஏரிக்கரையிலை. ஐயர் வந்தவர்.”

“செய்தனியோ?”

“ஓம்.”

“மெய்யாச் செய்தனியோ?”

“மெய்யா ஐயா. பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லிச் செய்தது.”

“நட்சத்திரம் என்னெண்டு சொன்னனி?”

“அனுசம்.”

ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகை என்றுதான் நினைத்தேன். மாமா சிரித்தார்.

“அவள் கேட்டை, தம்பி. கேட்டையிலை பிறந்தவள் மாப்பிளையின்ரை தமையனுக்கு ஆகாதெண்டு, கொம்மாவின்ரை வீட்டுக்காரர் சாதகத்தை மாத்தி அனுசம் எண்டு எழுதினவை. கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள் அவளே என்னட்டைச் சொல்லிப்போட்டாள். நான் இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை.”

இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டார். கல் என்று நான் திட்டிய மனிதர் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். மதுரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கிழமையாக நான் அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துவைத்திருந்த வசனங்கள் ஒன்றும் தேவைப்படவில்லை.

“அப்பம்மா செத்துப்போனாவா?” என்று தமிழிலேயே கேட்டாள்.

ஓம் என்றேன். அவளுடைய கீழுதடு பிதுங்கியது. நாற்காலியால் இறங்கிப்போய் அப்பாவின் மடியில் ஏறினாள்.

நாளைக் கேட்கிற நிலையில் இவர் இல்லை. நான் ரெலிபோனைக் கையில் எடுத்தேன்.

“மாமா, திவசத்துக்குத் திதி வேணும். நாள் தெரியுமோ?”

“தெரியாமல்? பிள்ளையார் கோயில் வளவுக்குப் பின்பக்கம் தென்னைக்குக் கீழை, சித்திரைப் பறுவத்துக்கு அடுத்த நாள். விடியப்புறம். நிலவு இருந்தது. அந்த வெளிச்சத்திலைதான் கிடங்கு வெட்டினது. நாளை மறந்திடுவன் எண்ட பயத்திலை முகாமிலை ஒவ்வொரு நாளும் எனக்குள்ளை சொல்லிக்கொண்டு திரிஞ்சனான் பிள்ளை. நான் செத்தாலும் எண்டு ஆரிட்டையாவது சொல்லிவைக்க நினைச்சு, சொல்லப் பயந்து.”

நான் எழுதினேன். சித்திரை, தேய்பிறைப் பிரதமை. இரண்டுதரம் வாசித்துக் காட்டினேன். ஓம், ஓம் என்றார்.

வைக்கிற நேரம் மறுபடி கூப்பிட்டார்.

“பிள்ளை, காணும் எண்டு சொன்னன் எல்லே. அந்த மற்றக் கையையும் அனுப்பு. அவளைத் தாட்ட இடத்திலை அடையாளத்துக்கு ஒரு கல்லுக்கூட வைக்கேல்லை. ஒருநாளைக்கு ஆமிக்காரர் உள்ளுக்கை போக விடுவாங்கள்தானே. கொண்டுபோய் வைப்பன்.”

7

உப்பும் மாவும் ஒரு மழைக்கு நிற்காது. அதை நான் மாமாவுக்குச் சொல்லவில்லை. இவருக்குத்தான் சொன்னேன், அன்று பின்னேரம், தேத்தண்ணி குடிக்கும்போது. சொன்ன பிறகு ஏன் சொன்னேன் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இவர் மதுராவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வீடு கட்டுகிற சாமான் விற்கிற பெரிய கடைக்குப் போனார். சிவப்புக் கையைத் துவாயில் சுற்றி மதுரா வைத்திருந்தாள். நத்தார் மரங்கள் அடுக்கியிருந்த பக்கத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் பூச்சு விற்கிற பகுதியில் நின்ற வயதான வெள்ளைக்காரரிடம் போய், தண்ணி உள்ளே போகாத பூச்சு வேணும் என்றார். வெளியே வைக்கிற சாமானா என்று அவர் கேட்டார். வெளியேதான், மழை, கடும் வெயில், வெள்ளமும் வரும் என்றார் இவர். ஒன்ராரியோவில் அப்படி என்ன இடம் என்று அந்த மனிதர் யோசித்திருக்க வேண்டும். மதுரா துவாயை விரித்துக் கையைக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். நல்ல மனிதர். சிரிக்கவில்லை. படகுக்குப் பூசுகிற வார்னிஷ் ஒரு தகரத்தை எடுத்துத் தந்து, நாலு பூச்சுப் பூசுங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காயவேண்டும் என்றார். பிறகு கேட்டார், “எவ்வளவு காலத்துக்கு இது தாங்க வேண்டும்?”

இவர் வாயைத் திறந்தார். பத்து வருடமாகக் கனடாவில் வேலைக்கும் வீட்டுக்கும் லைசென்சுக்கும் பதில் சொல்லிப் பழகிய ஆங்கிலம் அந்தக் கேள்விக்கு உதவவில்லை. என்னைப் பார்த்தார். என்னிடமும் இல்லை.

மதுராதான் சொன்னாள், தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், தடக்காமல்:

“என்னுடைய அப்பப்பாவை அவர்கள் அங்கே போக விடுமட்டும்.”